நீல ஸ்பிரிட்

மந்தைவெளியில் சூடாமணிக்குக் கிடைத்தது மாடியில் ஓர் ஒற்றை அறை. விறகுப் புகையும் மண்ணெண்ணெய் வாடையும் ஆகாது என்று வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். அதனால், யாத்திரை போகிறவர்கள் பையில் போட்டுக்கொள்கிற மாதிரிச் சின்னதாக ஒரு ஸ்பிரிட் அடுப்பு வாங்கினாள்.

அதில் எதை ஊற்றுவது என்பதுதான் கவலை. கணவன் சுப்பராமன் குடிகாரன். அரசாங்கம் மதுக்கடைகளை மறுபடி மூடியதிலிருந்து பித்துப் பிடித்தவன்போல் அலைந்துகொண்டிருந்தான்.

பெயிண்ட் கடை மெஹபூப் அலியிடம் கேட்டாள்.

"மரத்துக்குப் பூசற பாலிஷ் ஊத்தினா திரி அடைச்சிக்கும்மா. சாயம் போட்ட ஸ்பிரிட் கீது, கரி புடிக்காம எரியும். ஆனா விஷம். குடிச்சா கண்ணு பூடும்."

அந்த நீலச் சாயத்தையும் குமட்டும் நாற்றத்தையும் பார்த்தால் எந்தக் குடிகாரனும் தொடமாட்டான் என்று அவளுக்குத் தோன்றியது. வாங்கி வந்து அவனிடமே காட்டினாள்.

"ஏன்னா, இது விஷம். என் மேல சத்தியம் பண்ணுங்கோ."

"எனக்கென்ன பைத்தியமா?" என்று அவள் தலையில் கை வைத்தான்.

இருந்தாலும், பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கப் போகும்போது பாட்டிலைக் கையோடு கொண்டுபோனாள். மத்தியானம் அவன் ரசத்தைச் சுடவைத்துக்கொள்ள அடுப்பில் மட்டும் கொஞ்சம் ஊற்றி வைத்தாள். சாயங்காலம் வந்து பார்த்தால் அடுப்பும் காலி, ரசப் பாத்திரமும் காலி. வேளைக்குச் சூடாகச் சாப்பிடுகிறானே என்று அவளுக்கு மனசு குளிர்ந்தது. அதற்குப் பிறகு தாராளமாகவே ஊற்றினாள்.

சித்திரை மாதம், ஒரு சனிக்கிழமை. அரை நாள் பள்ளி முடிந்து வேர்த்து விறுவிறுத்து மாடியேறினாள். சுப்பராமன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சூடா, வெளியில பனி கொட்றதா? எல்லாம் ஒரே வெள்ளையா இருக்கே."

அவள் கிட்டே போனாள். அவன் வாயில் அந்த ஸ்பிரிட் நாற்றம். ரசம் ஜன்னலுக்கு வெளியே சுவரோடு வழிந்து காய்ந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். கண் நரம்பு செத்துவிட்டது, இனிப் பார்வை வராது என்றார் டாக்டர்.

ரிக்‌ஷாவில் திரும்பும்போது சுப்பராமன் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான்.

"உன் மேல தப்பில்லைடி. முதல்ல ரெண்டு நாள் நெஜமாவே ரசத்தைச் சுடவெச்சுதான் சாப்ட்டேன்."

லஸ் முனை தாண்டியதும் அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"பாட்டில்ல மிச்சம் ஏதாவது இருக்கா?"