ஆறு வீட்டுக் கம்பளி

1
இந்தக் கதை ஓர் அரசாங்கப் படிவத்திலிருந்து வந்தது. அதில் ஏழாம் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. பின்பக்கத்தில் பென்சிலால் நாலு வார்த்தை: 'ஒரு கம்பளி, ஆறு வீடு.' மிச்சமெல்லாம் நான் கட்டியது.

2
'மடுல்சீமை மலைகளை வெண்பனி தழுவிய அந்தக் காலை...'

(வேண்டாம். பனி தழுவட்டும், நாம் வேலையைப் பார்ப்போம்.)

1974. இலங்கை மலையகத்தில் பட்டினி வருஷம். பதுளையிலிருந்து நன்னடத்தை அதிகாரி எட்வர்ட் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார். ஏழைப் பிள்ளைகளைச் சிறுவர் இல்லத்தில் சேர்ப்பது நல்லதா, வீட்டில் விட்டு அடிக்கடி வந்து பார்ப்பது நல்லதா என்று மதிப்பிட வேண்டும். 'ஒப்பீட்டு ஆய்வு' என்பார். சொல்வதற்கு முன் தொண்டையைக் கனைத்துக்கொள்வார். கேள்வி ஏழு: பிள்ளைக்குத் தனிக் கம்பளி உண்டா? இல்லையென்றால் பிள்ளை இல்லத்துக்கு.

3
முதல் வீட்டில் சிவப்புக் கம்பளி. ஓரத்தில் நெருப்புப் பட்ட ஓட்டை. உண்டு. இரண்டாம் வீட்டிலும் சிவப்பு, ஓரத்தில் ஓட்டை. உண்டு. ஐந்தாம் வீட்டை விட்டு வரும்போது, 'வீட்டில் விடும் முறை பலனளிக்கிறது' என்று குறித்துக்கொண்டார்.

(எட்வர்டை முட்டாளாக்குகிறேனா? இல்லை. ஓட்டையைப் பற்றிப் படிவம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.)

4
ஆறாவது வீடு மேட்டு லயத்தின் வரிசை வீடுகளில் ஒன்று, செபஸ்தியம்மாவுடையது. மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க எட்வர்ட் வேகமாக ஏறிவிட்டார். கம்பளி இன்னும் கீழே.

"தேத்தண்ணி குடிச்சிட்டு எழுதுங்கய்யா."

"கம்பளி எங்கம்மா?"

"காயப் போட்டிருக்குங்க."

"இந்த மழையிலயா?"

"வெயில்லதாங்க போட்டேன். மழை அப்பறமில்ல வந்துச்சு."

அவள் கண் வாசலிலேயே இருந்தது. நாலு வயது அகஸ்டினா தாயின் சேலையை இழுத்தாள்.

"கருப்பம்மா அக்கா கம்பளியோட வரலியாம்மா? இப்ப நம்ம முறைதானே?"

எட்வர்டின் பென்சில் நின்றது. முந்தைய ஐந்து தாள்களையும் புரட்டினார். ஐந்து வீட்டிலும் பார்த்தது ஒரே ஓட்டை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

5
முடிவு ஒன்று: அவர் மனம் இளகி... (இளகிய அதிகாரியை நான் பார்த்ததில்லை.)

முடிவு இரண்டு: 'இல்லை' என்று எழுதுகிறார். அப்படியானால் மற்ற ஐந்து 'உண்டு'களும் பொய். ஆறு பிள்ளைகளும் லொறியில் ஏற

(இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.)

6
"இருக்கிறது ஒண்ணுதாங்கய்யா," என்றாள் செபஸ்தியம்மா. "எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சலோ அந்த வீட்டுக்குப் போகும். அதை எழுத உங்க தாள்ல இடமிருக்குங்களா?"

எட்வர்ட் தாளை முன்னும் பின்னும் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

வாசலில் கருப்பம்மா மூச்சிரைக்க வந்து நின்றாள். அவள் தெப்பமாக நனைந்திருந்தாள். சாக்குக்குள் கம்பளி நனையவில்லை.

இதற்கு மேல் எனக்குத் தெரியாது. அந்தத் தாளை யாராவது திருப்பிப் பார்த்தார்களா என்றும் தெரியாது. நீங்கள் திருப்பிவிட்டீர்கள். இனி முன்பக்கத்துக்கு வாருங்கள். ஏழாம் கேள்வி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அகஸ்டினா உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.