எனக்குத் தூரம்

என் நாத்தனார் செல்வலட்சுமி காரியாபட்டிப் பள்ளிக்கூடம் ஒன்றில் விளையாட்டு டீச்சர். விசில் ஊதி ஊதி, வீட்டு மனுசரையும் வரிசையில் நிறுத்துகிற புத்தி வந்துவிட்டது. கோடை லீவுக்குக் குடும்பத்தோடு மலையேறப் போகிறோம் என்று அவளாகவே முடிவுசெய்து, வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் ஆரம்பித்து, மூன்று பாதைகளைப் படத்தோடு போட்டாள். ஓடையோரம் சமதரையில் மூன்று கிலோமீட்டர். மரக்காட்டுக்குள் ஏழு. உச்சியில் கருப்பசாமி கோயில் வரை பதினொன்று. யாருக்கு எது என்று கேட்டுவிட்டு, "கோயில் பாதைதான். திங்கக்கிழமை ஏறுறோம், பொங்கல் வைக்கிறோம்" என்று பதிலையும் அவளே போட்டுக்கொண்டாள்.

எம்.ரெட்டியபட்டியில் வாக்கப்பட்ட எனக்கு மேடு என்றால் கண்மாய்க்கரைதான். ஆனாலும் ஏறியிருப்பேன். எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது, அதுதான் விசயம். ஐம்பத்திரண்டு நாள். என் புருசன் பாண்டிராஜுக்கும் அருப்புக்கோட்டை டாக்டரம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். போன தடவை நாற்பதாம் நாளே வீட்டில் சொன்னோம். செல்வலட்சுமி சொந்தம் பூராவுக்கும் போன் போட்டாள். ஒன்பதாவது வாரம் கலைந்துபோனது. நான் கனமான வாளியைத் தூக்கியதுதான் காரணம் என்று திரும்பவும் அத்தனை பேருக்கும் போன் போட்டதும் அவள்தான். மூன்று மாசம் தாண்டாமல் இனி இவள் காதில் ஒன்றும் விழக் கூடாது என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

ஏற்றம் ஆகாது, சமதரையில் கொஞ்சம் நடக்கலாம் என்றிருந்தார் டாக்டரம்மா.

"வரலைன்னா ஏன்னு குடைவாக. ஓடைப் பாதைன்னு சொல்லு" என்றார் என் புருசன்.

"நீங்க சொல்லுங்களேன்."

அக்காவிடம் பேச அவருக்கு வாய் வராது. சனிக்கிழமை காலையில் நானே கோயில் பாதைப் படத்துக்குக் கீழே போட்டேன்: "மதினி, எனக்குத் தூரம். ஓடைப் பாதைன்னா வாரேன்."

மத்தியானமே செல்வலட்சுமி வந்து இறங்கினாள். செருப்பைக் கழற்றும்போதே என் மாமியார் சந்தனம்மாளிடம், "இவ வரலம்மா. இந்த மாசமும் வீட்டுக்குத் தூரமாம்" என்றாள்.

நான் சொன்னது பதினொரு கிலோமீட்டரை. அவள் எடுத்துக்கொண்டது மாசவிலக்கை. கருப்பசாமி கோயிலுக்குத் தூரமானவள் போகக் கூடாது அல்லவா, போகிறவர்கள் கணக்கிலிருந்து என் பேரையே எடுத்துவிட்டாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. ஏற வேண்டாம், எவரும் குடைய மாட்டார்கள், வயிற்றில் இருப்பது பத்திரம். தலையைக் குனிந்துகொண்டு சோறு போட்டேன். அவர்கள் அதோடு விட்டிருக்கலாம்.

"நாலு வருசமா இந்த வீட்ல இது ஒண்ணுதான் ஒழுங்கா நடக்குது" என்றார் மாமியார்.

"தம்பி, எத்தனை நாளைக்குத்தான் பாப்ப? பேசாம வேற முடிவு எடுக்கணும்" என்றாள் செல்வலட்சுமி, என் கையால் ரசம் வாங்கிக்கொண்டே.

நான் புருசனைப் பார்த்தேன். எல்லாம் தெரிந்த மனுசன். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு கேட்டார்: "வேன் எத்தனை மணிக்குக்கா?"

கரண்டியைச் சட்டிக்குள் போட்டேன்.

"மதினி, தூரம்னு நான் சொன்னது மலைய. எனக்குத் தூரமாகிக் குளிச்சு அம்பத்திரண்டு நாளாச்சு. உங்க தம்பிக்கும் தெரியும். வேற முடிவு எடுக்கணுமான்னு இப்பக் கேளுங்க."

செல்வலட்சுமி முகமெல்லாம் பல்லாக இடது கையால் போனை எடுத்தாள்.

"யாருக்கு மதினி?"

"சின்னம்மாவுக்கு மட்டும் சொல்லிர்றேன்டி."

பிடுங்கிக்கொண்டுபோய் மாட்டுத் தொட்டித் தண்ணீருக்குள் போட்டேன். அவள் கத்திய கத்தலில் மாடு மிரண்டது. உள்ளே வந்து பையில் நாலு சேலையை அடைத்தேன். என் வாயாலேயே சொல்லும்படி ஆகிவிட்டதே என்று அழுகையும் வந்தது.

"நீங்க மலைக்குப் போங்க" என்றேன் புருசனிடம். "நான் நரிக்குடிக்கு, எங்கம்மா வீட்டுக்குப் போறேன். மூணு மாசம் தாண்டித்தான் வருவேன்."

அவர் அக்காவைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். எச்சில் கையோடு எழுந்து வாசல் வரை வந்தார்.

"பஸ்ஸு குலுங்குமே" என்றார் மெதுவாக.

"அப்பக் காரைக் கூப்பிடுங்க. அவுக காதுல விழற மாதிரி சத்தமாக் கூப்பிடுங்க."