பிஸ்கட் டின்னில் கிடக்கும் கார்டுகள்

வீரமுத்துவின் பேங்குக் கார்டு ஒருநாளும் வீரமுத்துவிடம் இருந்ததில்லை. மலேசியாவில், மம்பாவைத் தாண்டிப் போர்டிக்சன் போகிற வழியில் இருக்கும் அந்தத் தோட்டத்தில், செம்பனைக் குலை வெட்டுகிற யாரிடமும்தான் இருந்ததில்லை. எல்லார் கார்டும் ஆறுமுகத்தின் மளிகைக் கடையில், ஒரு பிஸ்கட் டின்னுக்குள், ரப்பர் வளையம் போட்டுக் கிடக்கும். மாதம் முழுக்க அரிசி பருப்பைக் கடனுக்கு வாங்க வேண்டியது. சம்பளம் கணக்கில் ஏறியதும் ஆறுமுகமே போய்ப் பணத்தை எடுத்து, பாக்கியையும் வட்டியையும் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் கொடுப்பார். இதைத் தப்பென்று சொல்ல அங்கே ஒரு நாதி கிடையாது. கார்டு என்றால் கடையில் வைக்கிற சாமான், அவ்வளவுதான்.

வீரமுத்துவின் மனைவி பஞ்சாலை மட்டும் விதிவிலக்கு. சிரம்பானில் ஒரு கிளினிக்கைக் கூட்டிப் பெருக்கும் அவள், தன் கார்டைச் சுருக்குப்பையை விட்டு வெளியே எடுக்கவே மாட்டாள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வார்கள்.

மகள் விமலா காலேஜில் சேர்ந்தாள். படிப்புக் கடன் வந்து விழ அவள் பேரில் மாணவர் கணக்குத் திறந்தாயிற்று. கடன்தான் வந்தபாடில்லை. காலேஜிலோ லேப்டாப் எங்கே, லேப்டாப் எங்கே என்று நச்சரிப்பு. அந்தச் சமயம் பார்த்துத்தானா மகேந்திரன் வந்து சேர வேண்டும்! இதே தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். இப்போது டவுன் பக்கம் ரஹாங்கில் வீடு, வாசலில் கார்.

"மாமா, ஸ்டூடண்ட் அக்கவுண்டுக்குன்னே ஒரு கம்பெனியில வட்டியில்லாம முன்பணம் தர்றாங்க. கார்டும் பின் நம்பரும் அவங்ககிட்ட இருக்கணும், அவ்வளவுதான். படிப்புக் கடன் ஏறுனதும் அவங்க காசை எடுத்துக்கிட்டுக் கார்டைத் திருப்பிக் குடுத்துருவாங்க லா."

வட்டியில்லாமல்! ஆறுமுகத்துக்கு வட்டி கட்டியே தேய்ந்துபோன மனுஷனுக்கு அந்த ஒரு சொல் போதாதா?

விமலாதான் தயங்கினாள். "கார்டை யார்கிட்டயும் குடுக்கக் கூடாதுன்னு பேங்குல சொன்னாங்கப்பா."

"பேங்குக்காரன் அப்படித்தான் சொல்லுவான். நம்ம தோட்டத்துல எவன் கார்டு எவன்கிட்ட இருக்கு? ஒருநாளாவது ஆறுமுகம் ஏமாத்தியிருக்காரா, சொல்லு!"

கொடுத்துவிட்டாள். அப்பா சொல்கிறாரே என்று கொடுத்துவிட்டாள். பஞ்சாலை வேலை முடிந்து வருவதற்குள் கார்டு கைமாறி, முன்பணமும் வந்துவிட்டது. லேப்டாப் வாங்கினார்கள். வீரமுத்து லயம் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தார்.

படிப்புக் கடனை எதிர்பார்த்திருந்த வீட்டுக்குப் போலீஸ் வந்தது. யாரோ ஒரு வயதான டீச்சரைப் போனில் மிரட்டிப் பிடுங்கிய பணம், அவர் ஆயுள் சேமிப்பு, விமலாவின் கணக்குக்குள் வந்து, வந்த வேகத்தில் வெளியே போயிருந்தது. கணக்கை முடக்கிவிட்டார்கள். மகேந்திரனின் போன் செத்துக் கிடந்தது. ரஹாங் வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். படுபாவி, நன்றாக இருப்பானா அவன்?

ஸ்டேஷனில் வீரமுத்து தனக்குத் தெரிந்த மலாயில் கெஞ்சினார். நான்தான் கொடுக்கச் சொன்னேன், என்னை உள்ளே போடுங்கள் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். அதிகாரிக்குக் கோபம்கூட வரவில்லை. கணக்கு யார் பேரில் இருக்கிறது என்று மட்டும் கேட்டார்.

"என் பேர்லதான்," என்றாள் விமலா. "நானாத்தான் குடுத்தேன். அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது."

அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. அதுதான் உண்மை என்று நினைத்தபோது வீரமுத்துவுக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

விமலா பேரிலேயே வழக்கு கோர்ட்டுக்குப் போயிற்று. காலேஜ் கதை அத்தோடு முடிந்தது, அதைப் பற்றிப் பேசக்கூட யாருக்கும் தெம்பில்லை. சாயங்காலத்துக்குள் ஜாமீன் பணம் கட்டாவிட்டால் பிள்ளை ஜெயிலுக்குப் போவாள். புருஷனும் பெண்டாட்டியும் கோர்ட்டிலிருந்து நேரே ஆறுமுகம் கடைக்கு ஓடினார்கள். வேறு எங்கே போவார்கள்?

"மொதலாளி, பிள்ளைய உள்ள தள்ளிருவாங்க. நீங்கதான் காப்பாத்தணும்."

ஆறுமுகம் கெட்டவர் இல்லை. கேட்டதும் கண் கலங்கிவிட்டார். "தரேன்ப்பா, தராம இருப்பேனா? ஆனா உன் கார்டுதான் ஏற்கனவே டின்னுக்குள்ள கெடக்கே. வேற கார்டு இருக்கா?"

வீரமுத்து பஞ்சாலையைப் பார்க்கவில்லை. பார்க்க என்ன முகம் இருக்கிறது அவருக்கு? அவள் திட்டியிருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும். அவள் சுருக்குப்பையை அவிழ்த்துக் கார்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஆறுமுகம் அதைத் துடைத்து மற்ற கார்டுகளோடு சேர்த்து ரப்பர் வளையத்தைப் போட்டார்.

"பின் நம்பர் சொல்லும்மா."

பஞ்சாலை சொல்ல ஆரம்பித்தாள். விமலா பிறந்த தேதி. பாதியிலேயே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மிச்ச எண்களை வீரமுத்துதான் சொல்லி முடித்தார்.