தோளில் கேட்ட பாடம்

முதிய ஆசிரியர்களின் நபிமொழி வகுப்புக்குக் குழந்தைகளையும் தூக்கிச் செல்வது புகாராவில் வழக்கம். பின்னாளில் அந்தக் குழந்தையிடம் கேட்பவர்களுக்கு நபி வரையிலான ஆசிரியர் வரிசை சுருங்கும், மதிப்பும் கூடும். பெரியவர் ஸாலிமிடம் நபிமொழி கேட்டவர்களில் ஜுமானா மட்டுமே இன்று உயிரோடு இருந்தாள். அதற்காகவே வெளியூர் மாணவர்கள் அவள் வீட்டில் குவிந்தார்கள்.

குவாரிஸ்மிலிருந்து வந்த ஹம்தூன் எழுதுவதை நிறுத்தினான்.

"அம்மா, ஸாலிம்கிட்ட கேட்டப்ப உங்களுக்கு என்ன வயசு?"

திரைக்குப் பின்னாலிருந்து ஜுமானா சொன்னாள், "மூணு."

"அவர் சொன்னது ஞாபகம் இருக்கா?"

"ஒட்டகத்துல குலுங்கி வந்ததுல குவாரிஸ்ம்காரருக்கு மூளை கலங்கிடுச்சு" என்றார் முன்வரிசையில் ஒருவர். யாரும் சிரிக்கவில்லை.

அவள் தம்பி ஷாதான் திரையருகே குனிந்தான். "ஆமான்னு சொல்லிடுக்கா. இல்லேன்னா நாளைக்கு இந்த வாசலுக்கு ஒரு ஈ கூட வராது."

இப்போது அவள் சொல்வதை இவர்கள் தங்கள் மாணவர்களுக்குச் சொல்வார்கள், அவர்கள் தங்கள் மாணவர்களுக்கு.

"எங்கப்பா தோள்ல தூங்கிட்டிருந்தேன். நான் கேட்டேன்னு எழுதாதீங்க. அங்க இருந்தேன்னு மட்டும் எழுதுங்க."

முன்வரிசையினர் எழுந்து செருப்பைத் தேடினார்கள். ஷாதான் தலையில் கைவைத்துக்கொண்டான். ஹம்தூன் பேனாவை மையில் தோய்த்தான்.

"சரிம்மா. நீங்க முழிச்சிருந்து கேட்ட ஆசிரியர் யாரு? அவர்கிட்டேருந்து ஆரம்பிங்க."