நடந்தே போவம்

…முடிச்சில் ஒரு குறையும் இல்லை, நோபேட் அதை எந்தக் கோவிலிலும் சத்தியம் பண்ணிச் சொல்வான், தபால் கந்தோரில் பார்சல் கட்டிக் கட்டிப் பழகிய கை, ஆனால் அந்த அருமையான முடிச்சைப் போட்டது தோணி தள்ளும் கம்பில், கம்பைக் குத்தி வைத்ததோ சேற்றில், அதனால் இப்போது தோணியும் கம்பும் முடிச்சும் ஒன்றையொன்று பிரியாமல் வாவியின் நடுவே போய்க்கொண்டிருந்தன, கலியாணம் கட்டியவர்கள் இப்படித்தான் இருக்க வேணும் என்று சொல்லத் திரும்பியவன் மனைவி செசீலியாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அதை விழுங்கிக்கொண்டான். அவளுடைய வயலை அறுவடைக்கு முன் ஒருமுறை பார்ப்போம் என்று காலையில் வாவியைக் கடந்து இந்தப் படுவான்கரைக்கு வந்தார்கள், எதிர்க்கரையில் வீட்டுத் தென்னைகள்கூடத் தெரிகின்றன, தெரிந்து என்ன… வயலைப் பார்க்கும் சாமித்தம்பி சிரித்து முடிக்கவே நேரம் எடுத்தது. "மச்சான்ட தோணி பொழுதுபட வந்திரும் தங்கச்சி, கொண்டு விடுறன், அதுமட்டும் குந்துங்க." "வேணாண்ணன், நடந்தே போவம்," என்றாள் செசீலியா. அக்கரைக்கு ஆளேற்றும் மண்முனைத் துறை வரைக்குமா, ஒவ்வொரு ஓடையையும் சுற்றிக்கொண்டா? "ஐயா நடப்பாரோ?" என்றான் சாமித்தம்பி. "அவர் கட்டின தோணியே நடக்குது, அவருக்கென்ன."

அவள் முன்னால் போனாள், சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகியபடி, கரையோரக் கண்ணா மரங்களுக்கும் வயல் வட்டைக்கும் நடுவே ஓராள் தடத்தில், பின்னால் நோபேட், இது தண்டனை, வேறென்ன, தோணிக்காகவா அல்லது பதுளைக்காகவா என்பதுதான் தெரியவில்லை. பதுளைக்கு மாற்றம், பதவி உயர்வோடு, குவாட்டர்சோடு, போகிறானா இல்லையா என்று நாளைக்குக் கந்தோரில் சொல்லியாக வேண்டும். போன ஞாயிறு அவளிடம் கேட்டான், நீயும் வருவியா என்று, அதற்கு வந்த பதில், தேத்தண்ணி ஆறுது குடியுங்க. அவளைக் குறை சொல்லவும் முடியாது, இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுடையது, ஆண்தான் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவன், நோபேட்டும் அப்படித்தான் வந்தான், ஒரு பக்கம் மாமியின் வீடு, மறுபக்கம் தங்கச்சிமாரின் வீடுகள், அவன் தும்மினால் மூன்று வீட்டிலிருந்து மல்லித்தண்ணி வரும்… அந்த முற்றத்திலிருந்து எந்தப் பொம்பிளை புருசனோடு வெளியூர் போனாள், புருசன்மார் போவார்கள், மாசத்துக்கு ஒருக்கா ஒரு பையோடு வருவார்கள், அவனும் அப்படி ஒரு பையாக வேண்டியதுதானா?

நேரே கேட்கப் பயம், அதனால் அவளுடைய முதுகிடம் சுற்றிச் சுற்றிக் கேட்டான். "பதுளையில குளிராம்." "ஓம், சொல்றாங்க." "தனிய ஒரு ஆள் இருந்தா விறைச்சிரும்." "கம்பிளி விக்கிறாங்கதானே." மத்தியானம் ஒரு நிழலில் குந்திச் சோற்றுப்பொதியை அவிழ்த்தபோது மீனின் நடுத்துண்டை அவன் பக்கம் தள்ளினாள், இதற்கு என்ன அர்த்தம், எப்போதும் தள்ளுகிறவள்தான், ஆனால் இன்றைக்குத் தள்ளினது கூட வரப்போகிறவளின் தள்ளலா, வழியனுப்புகிறவளின் தள்ளலா, மீனைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமென்றால் அவன் ஏன் தபால் கந்தோரில் இருக்கிறான்… யோசித்ததில் முள்ளு தொண்டையில் சிக்கியது, அவள் ஒரு பிடி வெறுஞ்சோற்றை உருட்டி அவன் வாயில் வைத்தாள், "மீனையும் பாத்து, முள்ளையும் பாத்துத் தின்னுங்க."

பின்னேரம் ஓர் ஓடை, முழங்கால் வரை சேறு, அவன் செருப்பில் ஒன்று உள்ளேயே நின்றுவிட்டது, அவள் கேளாமலே கையை நீட்டி அவனை இழுத்துக் கரையேற்றினாள், ஏறின பிறகும் கையை விடவில்லை. விட மறந்துவிட்டாளா? பகல் வெளிச்சத்தில் அவள் கையைப் பிடித்து அவன் நடந்ததே இல்லை, அந்த முற்றத்தில் எப்படிப் பிடிக்கிறது, எத்தனை கண்… இங்கே கொக்குகள் மட்டும்தான், அவை தங்கள் பாட்டில் நின்றன. ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டே, இனி வருவது வரட்டும் என்று கேட்டான், "செசீலியா, வருவியா, மாட்டியா?"

"வாறன்."

இன்னும் கொஞ்சத் தூரம் நடந்தார்கள். "வீட்டில வைச்சுச் சொன்னா அம்மா அழுவா, தங்கச்சிமார் ஆளுக்கு ஒண்டு சொல்லுவாங்க, பிறகு அது என்ட சொல்லா இரிக்காது. அதுதான் நடப்பம் எண்டன்." அவள் அவனைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தாள். "ஆனா பயமா இரிக்கி. அங்க அது உங்கட வீடு. நான் வந்து இரிக்கிற ஆள். நீங்க இத்தின வருசம் எங்கட வீட்டில எப்பிடி இருந்தீங்க எண்டு சொல்லித் தாங்க."

நோபேட் வாயைத் திறந்தான், வழக்கமாக அங்கே ஒரு பகிடி இருக்கும், தேடினான், இல்லை, எப்படி இருந்தான் அவன், சந்தோசமாகத்தான்… சந்தோசமாகத்தானே? இதுவரைக்கும் ஒருவரும் கேட்கவில்லை, அவனும்கூட.