கண்டிப்பா கிடைக்கும்

1

இந்தக் கதை ஒரு முதுகில் தொடங்கியது.

திருப்பத்தூரிலிருந்து புதூர்நாட்டுக்கு மலையேறும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபது வயதுக்குள் இருக்கும். நீல டீஷர்ட். முதுகில் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர், அதற்குக் கீழே 'எதுவானாலும் என்னைக் கேளுங்கள்' என்று பெரிய எழுத்தில் ஒரு வரி. அந்த வரியை மறைக்கத்தான் போலிருக்கிறது, துப்பட்டாவைத் திரும்பத் திரும்ப இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தாள். ஜன்னல் காற்றும் சளைக்காமல் அதை விலக்கிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள், "இந்த பஸ்ஸு நெல்லிவாசல் போவுமாம்மா?" என்று அவளைக் கேட்டார்.

"தெரியலீங்க" என்றாள். சொல்லிவிட்டு, பெரிய குற்றம் செய்துவிட்டவள்போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் பார்த்தது இவ்வளவுதான். அவள் எங்கே இறங்கினாள் என்றுகூடத் தெரியாது, தூங்கிவிட்டேன். ஆனால் எதற்கோ பயந்துகொண்டே மலையேறிய அந்த முதுகு என்னை விடவில்லை. இனி வருவதெல்லாம் நான் கட்டியது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளைப் போலவே ஜெயசுதாவின் மனமும் —

(வேண்டாம். மலைக்கு ஒருமுறை போய்வந்த எல்லாரும் இதை எழுதிவிட்டார்கள்.)

பிறகு இப்படி: ஜெயசுதா ஒரு பொய் சொன்னாள்.

(இதுவும் நியாயமில்லை. சொன்னபோது அது பொய் என்று அவளுக்குத் தெரியாது.)

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். ஜெயசுதாவுக்கு மலையடிவாரத்தில் ஒரு கிராமம். நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டாமாண்டு முடித்திருந்தாள். தினமும் பேருந்தில் போய்வருவாள். அங்கேயே பகுதிநேர வேலையும் பார்த்தாள். மாணவத் தூதர் என்று அதற்குப் பெயர். (அலுவலகத்தில் 'அம்பாசடர்' என்பார்கள். என் வயதுக்காரர்களுக்கு அது கார்.) சேர்க்கைக்கு வரும் பெற்றோருக்கு வளாகத்தைச் சுற்றிக்காட்ட வேண்டும். நூலகத்தின் முன்னால் சிரித்தபடி நிற்க வேண்டும். வாட்ஸ்அப்பில் பிள்ளைகள் கேட்பதற்கெல்லாம் பதில் போட வேண்டும். பதிலுக்கு அவளுடைய கட்டணத்தில் சலுகை. அந்தச் சலுகை இல்லையென்றால் மூன்றாமாண்டே இல்லை.

சேர்க்கை அலுவலகத்தில் அவளுக்கு மேலே இருந்தவர் கோகுல்ராஜ். கெட்டவர் இல்லை, பசித்த பிள்ளைகளைக் கண்டால் தன் டிபனைப் பிரித்து வைப்பவர். அவர்தான் முதல்நாளே சொல்லிக்கொடுத்தார்: "'பாக்கலாம்'னு மட்டும் யாருக்கும் சொல்லாத. பாக்கலாம்னா பேரன்ட்ஸ் காதுல இல்லைன்னுதான் விழும். கண்டிப்பான்னு சொல்லு."

(இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். கண்டிப்பு என்றால் அதட்டல், கறார். ஆனால் 'கண்டிப்பா வர்றேன்' என்றால் வாக்குறுதி. அதட்டும் சொல் எப்படி நம்பிக்கை தரும் சொல்லானது? மொழி அறிந்தவர்கள் சொல்லட்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம், வராமலே போனவர்கள்தான் அதை அதிகம் சொல்லியிருக்கிறார்கள்.)

3

புதூர்நாட்டுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து கீதாஞ்சலி என்ற பெண் செய்தி அனுப்பினாள். ப்ளஸ் டூ முடித்தவள். லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர ஆசை.

'அக்கா ஹாஸ்டல் கிடைக்குமா. இருந்தாத்தான் அப்பா அனுப்புவாரு.'

'கண்டிப்பா கிடைக்கும்மா' என்று ஜெயசுதா பதில் போட்டாள். கூடவே ஒரு பூவும் போட்டாள்.

அடுத்த வாரம், தேநீர் குடித்துக்கொண்டே கோகுல்ராஜ் சொன்னார்: பெண்கள் ஹாஸ்டல் நிரம்பிவிட்டது. இனி வருபவர்களுக்கு பைபாஸைத் தாண்டி ஒரு வீடு வாடகைக்குப் பிடித்திருக்கிறார்கள். வார்டன் இன்னும் போடவில்லை. "இப்ப சொல்லாத. அட்மிஷன் போட்டப்புறம் சொல்லிக்கலாம்."

அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை கீதாஞ்சலியும் அவள் அப்பாவும் அசல் சான்றிதழ்களோடு வருவதாக இருந்தது. அதே திங்கட்கிழமைதான் அரசுக் கல்லூரியில் சேரவும் கடைசி நாள். அங்கே கீதாஞ்சலிக்கு வரலாறு கிடைத்திருந்தது, அரசு விடுதியில் இடமும் இருந்தது. சான்றிதழ்களை இங்கே கொடுத்துவிட்டால் அது போய்விடும்.

ஜெயசுதா கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு செய்தி அனுப்பினாள்: 'ஹாஸ்டல் ஃபுல் ஆயிடுச்சு. அப்பாகிட்ட சொல்லிடு.' ஒற்றை டிக் விழுந்தது. இரண்டாவது விழவில்லை. போன் போட்டாள், ஒரு மணியோடு அறுந்தது. சனிக்கிழமையும் அதே ஒற்றை டிக். மலையில் சிக்னல் இல்லை என்று நினைத்துக்கொண்டாள். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு டிக்கையே பார்த்தாள். வளாகத்தில் வேறொரு குடும்பத்துக்கு நூலகத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்போதும் பார்த்தாள். அந்த வீட்டு அம்மா, "ஹாஸ்டல்லாம் நல்லா இருக்குமாம்மா?" என்று கேட்டபோது, காதில் விழாததுபோல அடுத்த கட்டிடத்தைக் காட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், வேலை இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டு மலை பஸ் ஏறினாள். டீஷர்ட்டைப் போட்டுக்கொண்டு போனது, அவர்கள் நம்ப வேண்டும் என்பதற்காக. பாதி மலையிலேயே, யாராவது படம் எடுத்து கோகுல்ராஜுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயம் வந்துவிட்டது.

4

பேருந்தை விட்டு இறங்கி ஒரு ஜீப்பில் போனாள். விண்ணப்பத்தில் இருந்த ஊர்ப் பெயரும் வேடியப்பன் என்ற அப்பா பெயரும் போதுமானதாக இருந்தன. சாலையோரக் குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்த பெண்ணையே ஜீப்காரர் காட்டிவிட்டார். "அதோ, அதான் அவரு பொண்ணு."

கீதாஞ்சலி டீஷர்ட்டைப் பார்த்தாள், வாட்ஸ்அப் படத்தில் பார்த்த முகத்தையும் பார்த்தாள். குடம் நிரம்பி வழிந்ததைக் கவனிக்கவில்லை.

"நீங்க இன்னாத்துக்கு வந்தீங்க?"

"ஒனக்கு மெசேஜ் போட்டேன்மா, போவல. இங்க சிக்னல் இல்லபோல..."

"சிக்னல்லாம் இருக்குதுக்கா. எங்க வூட்டு வாசல்லயே இருக்குது. நான்தான் உங்கள பிளாக் பண்ணேன்."

(இதை எழுதும்வரை எனக்கும் தெரியாது. நானும் சிக்னல் இல்லை என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். மலையில் இருப்பவர்களுக்கு ஒன்றும் எட்டாது என்று கீழே இருப்பவர்கள் சுலபமாக நம்பிவிடுகிறோம்.)

ஹாஸ்டல் நிரம்பிய சேதி கீதாஞ்சலிக்கு முன்பே தெரியும். ஏற்கெனவே சேர்ந்த பெண் ஒருத்தி வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தாள்.

"போன் அப்பாவோடது. நீங்க எதுனா அனுப்பி அவரு பாத்துட்டா போச்சு. அதான் பிளாக் பண்ணேன். 'கண்டிப்பா'ன்னு போட்டிருந்தீங்களே, அத மட்டும்தான் அவருக்குக் காட்டினேன்."

"அங்க வந்தப்புறம் தெரியுமே?"

"வந்து சேந்துட்டா திருப்பி இட்டுகினு வர மாட்டாரு. ஹிஸ்டரி படிச்சிட்டு நான் இன்னாக்கா பண்ணுவேன்? எனக்கு லேப்தான் வேணும்." குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "தயவுசெஞ்சு அடுத்த ஜீப்புல போய்டுங்க."

ஆனால் அடுத்த ஜீப் வருவதற்கு முன்னால் வேடியப்பன் வந்துவிட்டார்.

5

வேடியப்பனை முதலில் பெரிய மீசையோடும் உறுமும் குரலோடும் எழுதியிருந்தேன். பெண்ணைப் படிக்க விடாத அப்பா. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். ஏனென்றால் அவர் பெண்ணை அனுப்பத்தான் நினைக்கிறார். போன வருடம் இந்த ஊர்ப் பெண் ஒருத்தி கீழே வாடகை வீட்டில் தங்கிப் படிக்கப் போய், ஒரு மாதத்தில் திரும்பிவந்தாள். ஏன் வந்தாள் என்று அவளும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. அதிலிருந்து அவருக்கு ஹாஸ்டல் என்ற சொல் மட்டும்தான் தைரியம்.

அவர் ஜெயசுதாவைக் கண்டதும் அகமகிழ்ந்துபோனார். "காலேஜிலருந்தே வந்துகீறாங்களா? வாம்மா, வூட்டுக்கு வா."

மாதம்மாள், கீதாஞ்சலியின் அம்மா, சொம்பில் தண்ணீர் கொடுத்தார். ஒரு தட்டில் பலாச்சுளை வைத்தார். ஜெயசுதா தின்றாள். பயத்தில் கொட்டையையும் கடித்துவிட்டாள். அவள் தின்பதை மாதம்மாள் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

(வேடியப்பனை அவள் எப்படி அழைப்பாள்? 'அங்கிள்' என்பது அலுவலகத்தில் பழக்கியது. 'ஐயா' என்றால் மேடைப்பேச்சு. 'மாமா' என்று சொல்ல உறவில்லை. எல்லாவற்றையும் எழுதி அடித்தேன். கடைசியில் எந்த விளியும் இல்லாமல் '-ங்க' மட்டும் போட்டுச் சமாளித்தாள்.)

"நாளைக்கு நாங்களே வர்றோம்னு இருந்தோம். அதுக்குள்ள நீயே வந்துட்ட" என்றார் வேடியப்பன். "ஹாஸ்டல்ல எடம் இருக்குது இல்லம்மா?"

வாசற்படியில் கீதாஞ்சலி நின்றிருந்தாள்.

6

ஒரு பிரதியில் ஜெயசுதா, "இருக்குதுங்க" என்கிறாள். அவர் கும்பிடுகிறார். அவள் அடுத்த ஜீப்பில் இறங்கிவிடுகிறாள். அந்தப் பிரதியில் எல்லாருக்கும் அன்றைக்கு மட்டும் நல்லது நடக்கிறது. ஆனால் அவர் கும்பிடும்போது அவள் தன் கைகளை எங்கே வைத்துக்கொண்டாள் என்ற வாக்கியத்தை என்னால் எழுத முடியவில்லை. அங்கேயே விட்டுவிட்டேன்.

ஆகவே நடந்தது இதுதான்.

"இல்லீங்க" என்றாள். "ரொம்பிடுச்சுங்க. நான்தான் தெரியாம இருக்குதுன்னு சொல்லிட்டேன். வெளிய ஒரு வூடு புடிச்சிருக்காங்க. அத நான் பாக்கல. அதான் நீங்க சர்ட்டிபிகேட் குடுக்கறதுக்கு முன்ன சொல்லிட்டுப் போலாம்னு..." கீதாஞ்சலிக்கு இது முன்பே தெரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

வேடியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோபப்படவில்லை. "அப்ப சரி. சர்க்கார் காலேஜிக்கே போவட்டும்."

"நான் எங்கியும் போவல" என்றாள் கீதாஞ்சலி. அப்பாவிடம் சொன்னாலும் ஜெயசுதாவைப் பார்த்துத்தான் சொன்னாள். "ஆடு மேய்க்கறேன். போதுமா?"

ஜெயசுதாவுக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டால் மனம் லேசாகும் என்பார்கள்; அவளுக்கு ஆகவில்லை. அப்போது மாதம்மாள் கேட்டார்:

"நீ எங்க தங்கிப் படிக்கிற பாப்பா?"

"எங்க வூட்லருந்தே பஸ்ல போய்ட்டு வர்றேங்க. கீழதான் எங்க ஊரு."

"வூட்ல யாரு யாரு?"

"அம்மா, அப்பா, நானு. அவ்ளோதாங்க."

"அப்ப ஒங்க வூட்லயே இவளும் இருக்கட்டுமே" என்றார் மாதம்மாள். "அரிசி, புளி எல்லாம் நாங்க குடுத்துடறோம். ரெண்டு பேரும் ஒண்ணா பஸ்ஸேறிப் போய்ட்டு வாங்க. இம்மாந்தூரம் ஏறி வந்து உள்ளத சொன்ன புள்ள நீ. ஒன்ன நம்பி வுடலாம்."

வேடியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். கீதாஞ்சலியின் முகம் தெளிந்தது.

ஜெயசுதாவின் வாயில் அந்தச் சொல் தானாகவே வந்து நின்றது. கண்டி... பல்கலைக்கழகத்துக்காக எத்தனையோ முறை சொன்ன சொல். தன் வீட்டுக்காகச் சொல்ல வாய் வரவில்லை.

ஏனென்றால் அவள் வீட்டுக்கும் மலைக்காரர்கள் வருவார்கள். பலாப்பழம் கொண்டுவருவார்கள், புளி கொண்டுவருவார்கள். அவள் அம்மா ஈஸ்வரி, "வாம்மா, வெயில்ல வந்துகீற" என்று அன்பாகத்தான் கூப்பிடுவார். மோர் கொடுப்பார். அது வாசலோடு. கொல்லைப்பக்கத்து மாடத்தில் கவிழ்த்து வைத்திருக்கும் தம்ளரில். அந்தத் தம்ளர் ஏன் தனியாக இருக்கிறது என்று அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. ஜெயசுதாவும் கேட்டதில்லை.

பலாச்சுளையின் இனிப்பு இன்னும் நாக்கில் இருந்தது.

"அம்மாவ ஒரு வார்த்த கேக்கணுங்க" என்றாள்.

"கேளேம்மா" என்றார் வேடியப்பன் உற்சாகமாக. "வாசலுக்கு வா, அங்க சிக்னலு நல்லா கெடைக்கும். ஸ்பீக்கர்ல போடு, நாங்களும் பேசறோம். பொண்ண வுடறவங்க பேசாம இருந்தா மரியாதையா இருக்காது."

7

போட்டாள். மணி அடித்தது. எடுக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள்.

"இன்னாடி, சாப்டியா?" என்றது ஈஸ்வரியின் குரல். வாசல் முழுக்கக் கேட்டது.

ஜெயசுதா கேட்டுவிட்டாள். எந்த ஊர்ப் பெண், யார் வீட்டுப் பெண் என்பதையும் மறைக்காமல் சொல்லி, நம் வீட்டில் தங்கிப் படிக்கட்டுமா என்று கேட்டேவிட்டாள். ஆனால் ஸ்பீக்கர் போட்டிருப்பதைச் சொல்ல மறந்துபோனாள்.

இதற்கு மேல் இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் ஈஸ்வரி, "இட்டுகினு வாடி, ஒரு தட்டு சோறு இன்னா கொறஞ்சிடப் போவுது" என்கிறார். படித்துப்பார்த்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. நானும் கோகுல்ராஜைப் போல அட்மிஷன் போட அவசரப்படுகிறேனோ என்று தோன்றியது. மற்றொன்றில் ஈஸ்வரி, "மலைக்காரப் பொண்ணா?" என்று மட்டும் கேட்டு நிறுத்துகிறார். அதைக் கேட்ட மாதம்மாளின் முகத்தை எழுதப்போய்ப் பேனாவை மூடிவிட்டேன்.

உண்மையில் ஈஸ்வரியை எனக்குத் தெரியாது. அவர் வீட்டுக்குள் நான் போனதில்லை. உங்களில் சிலர் போயிருப்பீர்கள். சிலர் அங்கேயே வளர்ந்திருப்பீர்கள்.

வாசலில் நான்கு பேர் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மறுமுனையில் இன்னும் யாரும் பேசவில்லை. ஈஸ்வரிக்காக நீங்களே பேசிவிடுங்கள். யோசித்துப் பேசுங்கள், ஸ்பீக்கர் போட்டிருக்கிறது.