விழுங்கிய எச்சில்

ஆகஸ்ட் வெயிலில் ஒசாகா வெந்துகொண்டிருக்கிறது. என் வீட்டுக்காரர் இசாவோ ஏசியும் போட மாட்டார், தண்ணீரும் குடிக்க மாட்டார். கேட்டால் தாகமே இல்லையாம். வயசானால் தாகம் தெரியாமல் போய்விடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். இந்த மனுஷன் காதில் போட்டுக்கொண்டால்தானே. இன்று மத்தியானம் கடைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், பாயில் சுருண்டு கிடக்கிறார்.

"என்னங்க, நாக்கை நீட்டுங்க."

நீட்டினார். சுருங்கி, வெள்ளை படிந்து, நடுவில் வெடித்திருந்தது. இந்த நாக்கை முன்பும் ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ரயில் பாலத்துக்கு அடியில் ஒரு குத்துச்சண்டைக் கூடம். பக்கத்திலேயே எங்கள் ஊறுகாய்க் கடை. சண்டைக்கு முன்னால் எடை பார்ப்பார்கள். எடை குறைய பையன்கள் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். கடைசியில் காகிதக் கோப்பையில் எச்சிலைத் துப்பித் துப்பிக் குறைப்பார்கள். எச்சில் ஊற எங்கள் கடை உமேபோஷி வேண்டும், உப்பில் ஊறிய அந்தச் சிவப்புப் புளிப்புப் பழம். தின்னக் கூடாது, பார்க்க மட்டும்தான். கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. அந்த வியர்வை நாற்றம்கூட எனக்கு அவ்வளவு பிடிக்கும். இப்போது நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது.

அந்தப் பையன்களில் ஒருவன்தான் இசாவோ. ஒரு தடவை அவனுக்குச் சாம்பியன் பட்டப் போட்டி வந்தது. ஜெயித்தால் டோக்கியோவுக்குப் போகலாம். எடை பார்க்கும் காலையில், ஒரு வாய் எச்சில் அளவுதான் குறைய வேண்டியிருந்தது. உமேபோஷியை மூக்குக்கு நேராக நீட்டினேன். ஒரு சொட்டு எச்சில்கூட வரவில்லை.

"மி..." என்றான். என் பெயர் மிட்சுயோ. உதடு தொடங்கியதை நாக்கால் முடிக்க முடியவில்லை. அது மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

கூடத்தின் தலைவர் ஹதானோ அந்த நாக்கை விரலால் தொட்டுப் பார்த்தார். "சொரசொரன்னு கிடக்குடா. நாக்குலயே ஈரமில்லேன்னா உடம்புல எங்க இருக்கும்? மண்டையில ஒரு அடி விழுந்தா பொட்டுன்னு போயிடுவே. சண்டையும் வேணாம், ஒண்ணும் வேணாம். தண்ணியக் குடி."

இசாவோ துப்பும் கோப்பையை விடவில்லை. மாட்டேன் என்று தலையை ஆட்டினான்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உமேபோஷியை என் வாயில் போட்டு, அவன் முகத்துக்கு எதிரேயே மென்றேன். புளிப்பில் என் முகம் அஷ்டகோணலானது. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காய்ந்த உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. கூடவே தாடை அசைந்தது, வாயில் எச்சில் ஊறியது.

"துப்புடா, துப்பு," என்றார்கள் பையன்கள். துப்பினால் எடை சரியாகிவிடும்.

அவன் என்னையே பார்த்தான். கோப்பையைக் கீழே வைத்தான். விழுங்கிவிட்டான். பிறகு தண்ணீருக்காகத் தலைவரிடம் கை நீட்டினான். பட்டமும் போயிற்று, டோக்கியோவும் போயிற்று. ஏன் விழுங்கினாய் என்று நான் கேட்டதே இல்லை. என்னைக் கட்டிக்கொண்டவர் மனதுக்குள் அதை நினைத்து வருந்துகிறாரோ என்ற பயம்தான்.

இன்றும் ஜாடியைத் திறந்து ஒன்றை எடுத்து, அவர் எதிரிலேயே மென்றேன். ஒரு கையில் போன். இதற்கும் எச்சில் ஊறாவிட்டால் ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டியதுதான் என்று நினைத்தேன். என் முகம் கோணியதை அவர் பார்த்துக்கொண்டே கிடந்தார். அப்புறம் மெதுவாகத் தொண்டை அசைந்தது. வாய் திறந்தது. பார்லித் தேநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினேன்.

அவர் முகம் தெளிந்ததும் கேட்டே விட்டேன். "அன்னைக்கு ஏன் முழுங்கினீங்க?"

நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டார். "உன் பேரு பாதியில நின்னுபோச்சே. மீதியைச் சொல்ல ஈரம் வேணாமா, மிட்சுயோ?"

"பேச்சைப் பாரு. இன்னொரு வாய் குடிங்க," என்றேன். கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை.